பைன் பலகை இறக்குமதி: இரண்டு நாட்டுக் கணக்கை ஒப்பிடப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவில் பிறையிலோ பட்டர்வொர்த்திலோ பலகைக் கிடங்கு, பாலெட் அடிக்கும் இடம், மரச்சாமான் தொழிற்சாலை என்று எங்காவது கொள்முதல் பிரிவில் உட்கார்ந்திருந்தால் இந்த வேலை என்றைக்காவது உங்கள் மேசைக்கு வரும். “அமெரிக்கா எவ்வளவு பைன் பலகை வாங்குது, ஜப்பான் எவ்வளவு வாங்குது, ஒரு இருபது முப்பது வருஷக் கணக்கு எடுத்து வை” என்று தவுக்கே, அதாவது முதலாளி, சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அந்த மாதிரிப் பெரிய வீட்டுச் சந்தைகள் பலகையை அள்ளிக்கொள்ளும்போது நமக்கு வரும் விலைப்பட்டியலும் ஏறும், அவர்கள் கையைச் சுருக்கினால் விற்பவர்கள் நம் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷ ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டு விழிக்கிற பிள்ளைகளும் உண்டு.

எனக்கு இந்த வேலை வந்தபோது சொல்லித்தர ஆள் இல்லை. கணக்கெல்லாம் இணையத்தில் இலவசமாகத்தான் கிடக்கிறது, ஆனால் இரண்டு நாட்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒட்டவே ஒட்டாது. குறியீடு வேறு, அளவை வேறு, பணம் வேறு, விலை போட்ட இடமும் வேறு. வேலையில் முக்கால்வாசி நேரம் இரண்டு பக்கத்தையும் ஒரே தரத்துக்குக் கொண்டுவருவதில்தான் போகும். அதை எப்படிச் செய்வது என்றுதான் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு அமெரிக்காவையும் ஜப்பானையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்; வேறு எந்த ஜோடிக்கும் வழி இதுதான்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த இரண்டு நாடு, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, கன அளவா பணமா, உலகம் முழுவதிலிருந்தும் வாங்கியதா இல்லை ஒரு குறிப்பிட்ட நாட்டிடமிருந்து வாங்கியதா. கேட்டவரிடம் இதைப் படித்துக்காட்டி “இதுதானே வேண்டும்” என்று ஒரு தலையாட்டல் வாங்கிவிடுங்கள். “இரண்டு நாட்டு இறக்குமதி” என்று சொல்கிற சிலர் மனத்தில், அந்த இரண்டு நாடும் ஒன்றுக்கொன்று விற்றுக்கொள்வது இருக்கும். எல்லாம் முடித்துக் கொடுத்த பிறகு அது தெரிந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

நான் பரிந்துரைப்பது: கன மீட்டரில் ஓர் அட்டவணை, அமெரிக்க டாலரில் ஓர் அட்டவணை. இரண்டையும் எடுங்கள், ஆனால் முடிவைக் கன மீட்டரை வைத்துச் சொல்லுங்கள். காரணம் கீழே வரும்.

2. குறியீட்டைப் பிடியுங்கள்

சுங்கக் கணக்கில் மரத்துக்குப் பெயர் கிடையாது, எண்தான். அந்த எண் வரிசைக்கு எச்எஸ் என்று பெயர், உலகச் சுங்கத்துறைகள் பொதுவாக வைத்திருக்கும் பொருள் குறியீடு. நமக்கு வேண்டியது எச்எஸ் 4407. நீளவாக்கில் அறுத்த மரம், 6 மில்லிமீட்டருக்கு மேல் கனம். இதற்குள் ஊசியிலை மரமும் (பைன், ஃபர், ஸ்ப்ரூஸ் மாதிரி, ஆங்கிலத்தில் சாஃப்ட்வுட்) அகன்ற இலை மரமும் சேர்ந்தே இருக்கும், அதனால் 4407 என்று மட்டும் போட்டு இறக்கினால் மெராந்தியும் ஓக்கும் கூடவே வந்து சேரும். ஆறு இலக்கம் வரை போக வேண்டும்.

2016 வரை ஊசியிலை மரம் முழுவதும் 4407.10 என்ற ஒரே எண்ணில் இருந்தது, ஆறு இலக்கத்தில் பைனை மட்டும் தனியாகப் பிரிக்க முடியாது. 2017-ல் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: 4407.11 பைன், 4407.12 ஃபர் மற்றும் ஸ்ப்ரூஸ், 4407.19 மற்றவை. 2022-ல் இன்னும் இரண்டு வந்தது: ஸ்ப்ரூஸ், பைன், ஃபர் மூன்றும் கலந்து வருகிற எஸ்பிஎஃப் கட்டுகளுக்கு 4407.13, ஹெம்லாக்கும் ஃபரும் கலந்த ஹெம்-ஃபருக்கு 4407.14. இது தெரியாமல் 4407.11-ஐ மட்டும் எடுத்து, “2022-ல் பைன் இறக்குமதி விழுந்துவிட்டது” என்று எழுதினால் விழுந்தது பைன் இல்லை, பைனின் ஒரு பகுதி பக்கத்து எண்ணுக்குக் குடிபெயர்ந்திருக்கலாம். இருபது வருஷ ஒப்பீட்டுக்கு இந்த ஐந்தையும் கூட்டி, பழைய 4407.10 போலவே ஒரே வரிசையாக வைத்துக்கொள்வதுதான் சரி. மரவகை வாரியாக ஆராய வேண்டும் என்றால் 2017-க்குப் பிறகு மட்டும் பாருங்கள்.

நம் ஊர்க்காரர்கள் விழுகிற குழி ஒன்று தனியாக இருக்கிறது. மலேசியாவில் மென்மையான மரம் என்று கையில் எடுக்கிற ஜெலுத்தோங், புலாய், ரப்பர் மரம் எல்லாமே சுங்கக் கணக்கில் அகன்ற இலை மரம்தான், ஊசியிலை வரிசையில் வராது. நம் காட்டு மரங்களில் ஊசியிலை இனம் என்று இருப்பது டாமார் மிஞ்ஞாக், போடோ, செம்பிலோர் மாதிரி ஒரு சிலதான். நகம் பதிகிறதா என்று பார்த்துத் தரம் பிரிக்காதீர்கள்.

பக்கத்து எண்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், எடுப்பதற்காக இல்லை, கலக்காமல் இருப்பதற்காக. 4403 உருட்டு மரம், 4409 விளிம்பில் நாக்கு, காடி வெட்டிய பலகை, 4412 ஒட்டுப்பலகை, 4418 கட்டடத்துக்கான மரவேலைப் பொருள். அமெரிக்க-கனடா வரிச் சண்டை பற்றிய அறிக்கைகளில் 4407-ஓடு 4409.10-ஐயும் 4418-ல் சிலவற்றையும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்வார்கள். அந்த எண்ணிக்கையை உங்கள் அட்டவணையோடு ஒப்பிட்டால் ஒத்துவராது, பதற வேண்டாம்.

3. எங்கே எடுப்பது, என்ன செலவு

கையிலிருந்து ஒரு வெள்ளியும் போகாது. போகிறது என்றால் தவறான கடையில் நிற்கிறீர்கள்.

முதல் இடம் ஐநாவின் வர்த்தகக் கணக்குத் தளமான காம்ட்ரேட். மின்னஞ்சல் கொடுத்து இலவசக் கணக்கு திறந்துகொள்ளுங்கள். கணக்கு இல்லாமலும் பார்க்கலாம், ஆனால் 500 வரியோடு நின்றுவிடும், நின்றது கண்ணிலும் படாது. நீங்கள் கடைசி வருஷங்கள் இல்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். கட்டணம் கட்டும் உறுப்பினர் வசதியும் உண்டு, இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

இரண்டாவது ஐநா உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஃபாவோஸ்டாட். இதில் வனப்பொருள் பகுதியில் “அறுத்த மரம், ஊசியிலை” என்று தனி வரியாகவே இருக்கிறது, பொருள் எண் 1632. 1961-லிருந்து கிடைக்கும், கன மீட்டரில் கிடைக்கும், பதிவு எதுவும் வேண்டாம். நீண்ட காலக் கோடு மட்டும் வேண்டும் என்றால் இதுவே போதும், மீதி தலைவலி உங்களுக்கு வேண்டாம். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஓர் எழுத்துக்குறி இருக்கும். அது அந்த எண் அரசு கொடுத்ததா, மதிப்பீடா என்று சொல்லும். அந்தக் குறி இருக்கிற பத்தியை (நெடுவரிசையை) நீக்கிவிடாதீர்கள். ஒரு கேள்வி வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அதுதான். பண மதிப்பு ஆயிரம் டாலர் கணக்கில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது அந்தந்த நாட்டு அரசின் சொந்தக் கணக்கு. அமெரிக்காவுக்கு அதன் சர்வதேச வர்த்தக ஆணையம் நடத்தும் டேட்டாவெப், 1989 முதல். இலவசம், ஆனால் உள்ளே நுழைய அமெரிக்க அரசின் பொது நுழைவுக் கணக்கு வேண்டும், அது இரண்டாவது சரிபார்ப்பு கேட்கும். கைப்பேசிக் குறுஞ்செய்திக்குக் காத்திருப்பதைவிடச் சரிபார்ப்புச் செயலி ஒன்றை நிறுவிக்கொள்வது நல்லது. உள்ளே போனால் “பொது இறக்குமதி”, “உள்நாட்டுப் பயன்பாட்டுக்கான இறக்குமதி” என்று இரண்டு கேட்கும். பொது இறக்குமதியை எடுங்கள், ஜப்பானும் அந்த முறையில்தான் கணக்கு வைக்கிறது. ஜப்பானுக்கு அதன் சுங்கத்துறையின் வர்த்தகப் புள்ளிவிவரப் பக்கம், 1988 முதல், ஆங்கிலப் பக்கமும் உண்டு. மதிப்பு ஆயிரம் யென்னில் இருக்கும். ஜப்பானிய மொழிக் கோப்பை இறக்கினால் எக்செலில் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியும், அதனால் ஆங்கிலப் பக்கத்திலேயே இருங்கள்.

கப்பல் ரசீதுத் தகவல் விற்கிறோம் என்று தனியார் ஆட்கள் மின்னஞ்சல் போடுவார்கள், விலை டாலரில் சொல்வார்கள். எந்தக் கம்பெனி யாரிடம் வாங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் அது உதவும். நாட்டு அளவிலான ஒப்பீட்டுக்கு அதில் ஒன்றும் இல்லை.

4. இறக்கும்போது கவனிக்க வேண்டியவை

காம்ட்ரேட்டில் அறிவிக்கும் நாடு அமெரிக்கா 842, ஜப்பான் 392. எதிர்நாடு, அதாவது விற்கிற நாடு, உலகம்; அதன் எண் 0. பிறகு கனடா 124 போன்ற முக்கிய விற்பனை நாடுகளைத் தனியாக இன்னொரு கோப்பாக எடுங்கள். ஒரே கோப்பில் உலகத்தையும் தனித்தனி நாடுகளையும் சேர்த்து இறக்கி மொத்தம் போட்டால் எல்லாம் இரட்டிப்பாகிவிடும். இந்தத் தவறு அச்சான அறிக்கைகளிலேயே இருக்கிறது. அதே மாதிரிதான் 4407-ஐயும் 4407.10-ஐயும் சேர்த்துக் கூட்டுவது.

எச்எஸ் குறியீட்டின் எந்தப் பதிப்பு என்று கேட்கிற இடத்தில் “அறிவித்தபடி” என்று விட்டால் ஒவ்வொரு காலத்துக்கும் அந்தக் காலத்து எண் வரும், கூட்டுவது உங்கள் வேலை. எச்எஸ் 1992 என்று தேர்ந்தெடுத்தால் புதிய எண்களையெல்லாம் பழைய 4407.10-க்கு மாற்றி ஒரே கோடாகத் தந்துவிடும். அமெரிக்காவுக்கு 1991 முதல், ஜப்பானுக்கு 1988 முதல். நான் இரண்டாவது வழியில் எடுத்து, 2017-க்குப் பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு முதல் வழியிலும் கூட்டிப் பார்த்து ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பேன். போக்குவரத்து முறை, சுங்க நடைமுறை, இரண்டாம் எதிர்நாடு என்று இன்னும் சில பெட்டிகள் இருக்கும், அவற்றில் எல்லாம் “மொத்தம்” மட்டும் இருக்கட்டும்.

இறக்கிய கோப்பை அப்படியே, இறக்கிய தேதியைப் பெயரில் போட்டு ஓர் உறையில் வைத்துவிடுங்கள். அதில் கை வைக்காமல் நகலில் வேலை செய்யுங்கள். பழைய வருஷ எண்களையும் நாடுகள் பிற்பாடு திருத்தும், ஆறு மாதம் கழித்து நீங்களே மறுபடி இறக்கினால் வேறு எண் வரலாம். அப்போது “யார் மாற்றினது” என்ற கேள்விக்குப் பதில் அந்த உறையில் இருக்கும்.

5. அளவை, இங்கேதான் எல்லாரும் வழுக்குவது

அமெரிக்கச் சுங்கம் 4407-ஐக் கன மீட்டரில்தான் பதிகிறது, ஜப்பானும் அப்படியே. அதோடு நின்றால் பிரச்சினை இல்லை. ஆனால் அமெரிக்க, கனடா வர்த்தகச் செய்திகள், சங்க அறிக்கைகள் எல்லாம் போர்டு அடியில் பேசும். ஓர் அங்குலக் கனம், ஓர் அடி அகலம், ஓர் அடி நீளம், அதுதான் ஒரு போர்டு அடி. புத்தகக் கணக்கில் 1,000 போர்டு அடி 2.36 கன மீட்டர். இந்த எண்ணை வைத்துப் பெருக்கினால் தப்பு.

ஏன் என்று கிடங்கிலேயே பார்க்கலாம். கனடாவிலிருந்து வந்த டூ-பை-ஃபோர் கட்டு இருந்தால் டேப்பை எடுத்து ஒரு சட்டத்தை அளந்து பாருங்கள். இரண்டு அங்குலம் நான்கு அங்குலம் என்பார்கள், டேப்பில் 38 மில்லிமீட்டர், 89 மில்லிமீட்டர்தான் இருக்கும், அதாவது ஒன்றரை அங்குலம், மூன்றரை அங்குலம். காய்ந்து, இழைத்த பிறகு மிஞ்சுவது அது. ஆனால் போர்டு அடியில் விற்கும்போது பெயரளவான இரண்டையும் நான்கையும் வைத்துத்தான் கணக்கு. எட்டடிச் சட்டம் ஒன்றுக்குப் போர்டு அடி 5.33, உண்மையான மரம் 0.00826 கன மீட்டர். ஆயிரம் போர்டு அடிக்குப் பெருக்கிப் பாருங்கள், 1.55 கன மீட்டர்தான் வரும். 2.36-க்கும் 1.55-க்கும் நடுவே பாதிக்கு மேல் வித்தியாசம். டூ-பை-சிக்ஸ் என்றால் 1.62 வரும். அதனால் பல அளவு கலந்து வரும் இழைத்த பலகைக்கு 1.6 என்ற சுமாரான எண்ணைப் போடுவேன். போட்டால் போட்டேன் என்று அடிக்குறிப்பில் எழுதுவேன். முடிந்தவரை போர்டு அடிக் கணக்கைத் தொடாமல் சுங்கத்தின் கன மீட்டரையே எடுத்துவிடுங்கள், அதுதான் நிம்மதி.

நம் பக்கத்து “டன்” இன்னொரு கூத்து. மலேசியப் பலகை வியாபாரத்தில் அறுத்த மரம் ஒரு டன் என்றால் 50 கன அடி, அதாவது 1.416 கன மீட்டர். ஆயிரம் கிலோவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உருட்டு மரத்தில் ஹாப்பஸ் டன் என்றால் 1.80 கன மீட்டர். வயதான ஆட்கள் எழுதிவைத்த கிடங்குப் பேரேட்டிலிருந்து எண் எடுப்பவர்கள் எந்த டன் என்று கேட்டுவிட்டே எழுதுங்கள்.

சில நாடு, சில வருஷத்துக்குக் காம்ட்ரேட்டில் கன மீட்டர் இருக்காது, கிலோ மட்டும் இருக்கும். அலகு எண் 12 என்றால் கன மீட்டர், 8 என்றால் கிலோ. கிலோவை மாற்ற ஊசியிலை அறுப்பு மரத்துக்கு ஒரு கன மீட்டர் சுமார் 550 கிலோ என்று பிடிக்கலாம், உணவு வேளாண்மை நிறுவனமும் நெடுங்காலமாக அந்த விகிதத்தைத்தான் பயன்படுத்தியிருக்கிறது. நன்றாகக் காய்ந்த ஸ்ப்ரூஸ் அதைவிட லேசு, ஈரமான பைன் அதைவிடக் கனம். பக்கத்தில் “மதிப்பீடு” என்ற குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த எண் யாரும் எண்ணிச் சொன்னதில்லை, விலையை வைத்து ஊகித்தது.

எல்லாம் முடிந்ததும் ஒரு பத்தி கூடுதலாகப் போடுங்கள்: மதிப்பைக் கன அளவால் வகுத்து, ஒரு கன மீட்டர் எத்தனை டாலர் என்று. ஊசியிலை அறுப்பு மரத்துக்கு அது நூறுக்குக் கீழேயோ ஆயிரத்துக்கு மேலேயோ போனால் அந்த வரியில் அலகு குழம்பியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். இந்த ஒரு பத்தி பிடித்துக் கொடுக்கிற தவறுகளை வேறு எதுவும் பிடிக்காது.

6. பணம்

இறக்குமதி மதிப்பை ஜப்பான் சிஐஎஃப்-ல் பதிகிறது, கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்தது. அமெரிக்கா தன் உள்நாட்டு வெளியீடுகளில் சுங்க மதிப்பை முன்னால் வைக்கும், அதில் கூலி சேராது. டேட்டாவெப்பில் சிஐஎஃப் பத்தியும் தனியாக இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். கனடா தன் இறக்குமதியையே எஃப்ஓபி-யில்தான் (ஏற்றும் இடத்து விலை, கப்பல் கூலி சேராதது) சொல்கிறது, அதனால் கனடாவை ஒரு பக்கம் வைத்து ஒப்பிடுபவர்கள் இன்னும் ஒரு குறிப்பு சேர்க்க வேண்டியிருக்கும். பக்கத்து நாட்டிலிருந்து ரயிலில் வருகிற பலகைக்கும் பசிபிக் தாண்டி வருகிற பலகைக்கும் கூலி ஒன்றாக இருக்காது இல்லையா.

யென்னை டாலராக மாற்றும்போது இன்னொரு சிக்கல். 2012-ல் ஒரு டாலர் சுமார் 80 யென், 2024-ல் சுமார் 150 யென். அதே பலகை, அதே டாலர் விலை, யென்னில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. யென் கோட்டைப் பார்த்து ஜப்பான் நிறைய வாங்குகிறது என்று சொல்லிவிடாதீர்கள். ரிங்கிட்டில் காட்டச் சொன்னால் அதிலும் ஜாக்கிரதை. 1998 செப்டம்பர் முதல் 2005 ஜூலை வரை ரிங்கிட் 3.80-ல் கட்டிப்போடப்பட்டிருந்தது, அதற்கு முன்னும் பின்னும் அப்படியில்லை. வருஷ சராசரி மாற்று விகிதம் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவில் கிடைக்கும்.

கன மீட்டரை வைத்து முடிவு சொல்லுங்கள் என்று முதலிலேயே சொன்னது இதனால்தான். 2020 ஏப்ரலில் அமெரிக்க முன்பேர வணிகத்தில் ஆயிரம் போர்டு அடி 300 டாலருக்கும் கீழே இருந்தது, 2021 மே மாதம் 1,600 டாலரைத் தாண்டியது. டாலர் அட்டவணையில் 2021 மலை மாதிரி நிற்கும், கன மீட்டர் அட்டவணையில் அந்த மலை இருக்காது.

7. எதிர்ப்பக்கத்துக் கணக்கோடு ஒத்துப் பாருங்கள்

ஜப்பான் கனடாவிலிருந்து இவ்வளவு இறக்கியது என்கிறது, கனடா ஜப்பானுக்கு இவ்வளவு ஏற்றியது என்கிறது. இரண்டும் பக்கத்தில் இருந்தால் சரி. டிசம்பரில் ஏற்றியது ஜனவரியில் இறங்கும், வழியில் வேறு நாட்டுக்கும் திரும்பும், அதனால் அச்சாக ஒன்றாக இருக்காது. வருஷா வருஷம் ஒரே பக்கமாக இடைவெளி விரிந்துகொண்டே போனால்தான் குடைந்து பார்க்க வேண்டும்.

அமெரிக்கா-கனடா ஜோடிக்கு மட்டும் இந்தச் சோதனையைச் செய்து சந்தோஷப்படாதீர்கள். 1990 முதல் இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டுத் தங்கள் இறக்குமதிக் கணக்கை ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்கின்றன. அமெரிக்காவுக்குப் போன ஏற்றுமதி என்று கனடா வெளியிடுவது அமெரிக்காவின் இறக்குமதிக் கணக்கேதான். ஒத்துப்போகாமல் என்ன செய்யும்!

8. அடிப்படை வருஷமும் வரைபடமும்

அமெரிக்கா ஜப்பானைவிடப் பெரிய நாடு, இரண்டு கோட்டையும் ஒரே அச்சில் போட்டால் ஜப்பான் தரையில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரு வருஷத்தை 100 என்று வைத்துக் குறியீட்டெண்ணாக மாற்றுங்கள். எந்த வருஷம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 2005-ஐ 100 ஆக்கினால் அமெரிக்கா அதற்குப் பிறகு விழுந்துகொண்டே இருப்பது போலத் தெரியும், ஏனென்றால் அது வீட்டுச் சந்தை உச்சியில் இருந்த வருஷம். 2009-ஐ வைத்தால் ஏறிக்கொண்டே இருப்பது போலத் தெரியும். ஒரு வருஷத்துக்குப் பதில் மூன்று வருஷ சராசரியை அடிப்படையாக வையுங்கள், ஒரு கட்சி சார்ந்து பேசுகிற மாதிரி இருக்காது. இடது வலது என்று இரண்டு அச்சு போட்டு வரைவதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. அச்சை இழுத்து எந்தக் கதையை வேண்டுமானாலும் சொல்லலாம்.

வருஷம் என்பதிலும் ஒன்று. ஜப்பானிய ஆவணங்கள் சில ஏப்ரலிலிருந்து மார்ச் வரையான நிதியாண்டில் இருக்கும். வர்த்தகக் கணக்கு ஜனவரி-டிசம்பர். வீட்டு எண்ணிக்கை இரண்டு விதத்திலும் வரும், பார்த்து எடுங்கள்.

9. கோடு ஏன் வளைகிறது

கேட்பவர் அடுத்து இதைத்தான் கேட்பார், அதனால் அட்டவணையில் இரண்டு பத்தி கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இரண்டு நாட்டிலும் அந்தந்த வருஷம் கட்ட ஆரம்பித்த வீடுகள். அமெரிக்காவில் 2005-ல் 20 லட்சத்துக்கு மேல், 2009-ல் ஐந்தரை லட்சம். ஜப்பானில் 1996-ல் 16 லட்சத்துக்கு மேல், 2009-ல் 8 லட்சத்துக்கும் கீழே. பாதி வளைவுகளுக்குப் பதில் இதிலேயே கிடைத்துவிடும். ஜப்பானில் விற்பனை வரி ஏறிய 1997 ஏப்ரல், 2014 ஏப்ரல், 2019 அக்டோபர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டிலும் வரிக்கு முன்னால் வீடு கட்ட ஓடியதும் பிறகு அடங்கியதும் நன்றாகவே தெரியும்.

அமெரிக்கப் பக்கத்துக்குக் கனடாவோடு நடக்கிற வரி வழக்கு. 2006 அக்டோபர் 12 முதல் 2015 அக்டோபர் 12 வரை இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருந்தது. 2018 ஜனவரி முதல் இறுதி வரி, பெரும்பாலான கனடா நிறுவனங்களுக்கு மானியத்துக்கு எதிரான வரி, மலிவு விலைக் குவிப்புக்கு எதிரான வரி இரண்டும் சேர்த்து 20 சதவீதம் சுமார். 2025-ல் அது 35 சதவீதத்தைத் தொட்டது, அதற்கு மேல் அந்த அக்டோபர் 14 முதல் எல்லா நாட்டு ஊசியிலைப் பலகைக்கும் பொதுவான இன்னொரு வரி வந்தது, பெரும்பாலும் 10 சதவீதம். இந்தத் தேதிகளை வைத்துப் பேச வேண்டும் என்றால் வருஷக் கணக்கு போதாது, மாதக் கணக்கு எடுங்கள். வரி வருகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே ஏற்றிவிடுவார்கள், அது வருஷ மொத்தத்தில் மறைந்துபோகும்.

ஜப்பானுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே மரவீட்டுக்கு ஒட்டிச் சேர்த்த உத்திரங்கள் நிறைய இறக்குமதியாகின்றன, அது 4407-ல் வராது; 2022-லிருந்து 4418.81 என்று தனி எண் இருக்கிறது. டக்ளஸ் ஃபர் உருட்டு மரமாக வாங்கி உள்ளூரிலேயே அறுப்பதும் உண்டு, அது 4403. அதனால் 4407 இறங்குகிறது என்றால் ஜப்பான் வெளி மரத்தை விட்டுவிட்டது என்று ஆகாது. ஒரு வரியாவது இதைப் பற்றி எழுதுங்கள்.

10. மலேசியாவையும் சேர்க்கச் சொன்னால்

புள்ளிவிவரத் துறையின் மெட்ஸ் ஆன்லைன் தளத்தில் இலவசமாக எடுக்கலாம், எச்எஸ் எண் கொடுத்தும், ஐநாவின் இன்னொரு பொருள் வகைப்பாடான எஸ்ஐடிசி-யின் எண் கொடுத்தும் தேடலாம். எஸ்ஐடிசி-யில் ஊசியிலை அறுப்பு மரம் 248.2. மதிப்பு ரிங்கிட்டில் வரும். உங்கள் கம்பெனியின் சொந்தக் கொள்முதலோடு ஒப்பிட வேண்டுமானால் சுங்க அறிவிப்புப் படிவத்தில் எந்த எண் போட்டிருக்கிறது என்று கப்பல் முகவரிடம் கேட்டு வாங்குங்கள். விலைச்சீட்டில் “பைன்” என்று மட்டும்தான் இருக்கும், அதே பைன் பாலெட்டாக அடித்து வந்திருந்தால் அது 4415, உங்கள் அட்டவணைக்கு வெளியே.

11. எவ்வளவு நேரம் ஆகும், எப்போது எடுப்பது

ஃபாவோஸ்டாட் கோடு மட்டும் போதும் என்றால் ஒரு பிற்பகல். விற்பனை நாடு வாரியாக, விலையோடு, எதிர்ப்பக்கச் சோதனையோடு என்றால் ஒரு வாரம் கேட்டுவிடுங்கள், அதில் இறக்குவதற்கு ஒரு நாள்கூட ஆகாது.

மாதக் கணக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் வந்துவிடும். ஃபாவோஸ்டாட்டில் ஒரு வருஷக் கணக்கு முழுமையாக வர அடுத்த வருஷக் கடைசி ஆகும். அதனால் ஜனவரியில் உட்கார்ந்துகொண்டு “போன வருஷம் வரை” என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். கடைசி வருஷத்தைப் புள்ளிக் கோடாகப் போட்டு, தற்காலிகம் என்று எழுதிவிடுங்கள்.

வரைபடத்துக்குக் கீழே நான்கு விஷயம் சின்ன எழுத்தில் இருக்க வேண்டும்: எந்த எச்எஸ் எண்கள், எந்த அலகு, சிஐஎஃப்-ஆ எஃப்ஓபி-யா, எந்தத் தேதியில் இறக்கியது. 2028 ஜனவரி முதல் தேதி எச்எஸ் அடுத்த பதிப்பு அமலுக்கு வருகிறது. அதற்குப் பிறகு இந்த வேலையைத் தொடுகிறவர் முதலில் 4407-க்குக் கீழே எண்கள் மாறியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் தொடரட்டும்.